கடைசிக்கு முந்தைய இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோப்பையை வென்றவர்களைப் பற்றிப் பேச ஆள்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பல ஆண்டுகளாகவே பிடித்தது புள்ளிப்பட்டியலின் அடிப்பகுதி. இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் கடைசி இடத்திலிருந்து தப்பிக்க ஏப்ரல், மே மாதங்களில் சின்ன ஊர்களின் கிளப்கள் போராடுகின்றனவே, அதைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டம் விளையாட்டு உலகில் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்கு இது பழக்கமில்லாத ஒன்று. ஐ.பி.எல்.லில் கடைசியாக வந்த அணி அடுத்த ஆண்டும் அதே ஐ.பி.எல்.லில்தான் ஆடும். அங்கே அப்படி இல்லை. மேலிருந்து கீழாக நான்கு பிரிவுகள், அவற்றுக்கும் கீழே இன்னும் பல படிகள். நான்காம் பிரிவின் அடியில் சிக்கினால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும். லீக் தரும் பணம் நின்றுவிடும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், டிக்கெட் கொடுக்கிறவருக்கும் புல்தரையைப் பராமரிக்கிறவருக்கும் வேலை நிலைக்குமா என்பதே சந்தேகமாகிவிடும்.

இன்று ஒரே ஒரு கிளப்பின் ஒரே ஒரு சீசனை எடுத்துக்கொள்கிறேன். கிளப்பின் பெயர் கார்லைல் யுனைடெட். சீசன் 1998-99.

கார்லைல், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். அங்கிருந்து எந்த ஊருக்கு ஆடப் போனாலும் பஸ் பயணம் நெடும்பயணம்தான். அந்தச் சின்ன ஊரின் அணி 1974-இல் முதல் பிரிவுக்கே ஏறியது. முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று இங்கிலாந்தின் மொத்தப் பட்டியலுக்கும் தலைமையில் நின்றது. சீசன் முடிந்தபோது அதே பட்டியலில் கடைசி. அதன் பிறகு ஏற்றமும் இறக்கமுமாகவே அதன் கதை போனது. 1990-களில் தலைவராக இருந்தவர் மைக்கேல் நைட்டன். 1989-இல் மான்செஸ்டர் யுனைடெட்டையே வாங்க முயன்று முடியாமல் போனவர். கார்லைலைப் பத்தே ஆண்டுகளில் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோவேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1999 வசந்தத்தில் அந்த ஊர் கேட்டதோ லீக்கின் கடைசிப் பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்க ஓர் இடம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகவே சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 வரைக்கும் நான்காம் பிரிவில் கடைசியாக வந்தாலும் தானாக வெளியேற வேண்டியதில்லை. கடைசி நான்கு இடங்களில் வந்தவர்கள் மற்ற கிளப்களிடம் போய், எங்களை மறுபடி தேர்ந்தெடுங்கள் என்று ஓட்டுக் கேட்பார்கள். கோடையில் ஓர் அறைக்குள் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் பழைய முகங்களுக்கே ஓட்டு விழும். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. வெளியே நின்ற கிளப், தன் லீக்கை எத்தனை முறை வென்றாலும் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஓட்டு சிலரைக் காப்பாற்றவில்லை. கார்லைலின் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். 1972-இல் பேரோ கிளப்பை வெளியே அனுப்பினார்கள். பேரோ அந்த ஆண்டு கடைசி இடத்தில்கூட இல்லை. அதற்குக் கீழே இரண்டு அணிகள் இருந்தன. ஆனால் அந்த ஆண்டு ஹெரிஃபர்ட் என்ற சின்ன கிளப் எல்லாப் பிரிவுக் கிளப்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவு அணியான நியூகாசிலைத் தோற்கடித்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தது. ஓட்டு ஹெரிஃபர்டுக்குப் போனது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1977-இல், வொர்க்கிங்டன் கிளப்பை வெளியேற்றி விம்பிள்டனைச் சேர்த்தார்கள். பேரோ, வொர்க்கிங்டன், கார்லைல், மூன்றும் இன்றைய கம்ப்ரியா மாவட்டத்து ஊர்கள். இரண்டு போய், மூன்றாவது மட்டும் மிச்சம். மறுபடி சொல்கிறேன், இது முக்கியம்: 1999-இல் கம்ப்ரியாவுக்கு லீக்கில் மிஞ்சியிருந்தது கார்லைல் ஒன்றுதான்.

1987-இல்தான் ஓட்டு முறை போய், கடைசியாக வந்தவர் வெளியே, கீழ் லீக்கை வென்றவர் உள்ளே என்ற விதி வந்தது. அந்தக் கதவின் வழியாக முதன்முதலில் உள்ளே வந்த கிளப் எது தெரியுமா? ஸ்கார்பரோ. யார்க்‌ஷர் கடற்கரையில் உள்ள ஊர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். கீழே போகும் வழியை அடைத்தால் மேலே வரும் வழியும் அடைபடும். 1994, 1995, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கீழ் லீக்கை வென்ற கிளப்களுக்கு மைதானம் சரியில்லை என்று கதவை மூடினார்கள். ஆடி வென்றவர்களை அப்படித் திருப்பி அனுப்பியது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, 1999-க்கு வருவோம். மார்ச் மாதம் கார்லைல் தன் கோல்கீப்பர் டோனி கெய்கை விற்றுவிட்டது. மாற்றாக இரவல் வாங்கிய இளைஞரை அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை வாங்கும் கெடுவும் முடிந்துவிட்டது. உயிர்ப் போராட்டத்தில் இருக்கும் அணிக்குக் கோல்கீப்பரே இல்லை! லீக்கிடம் தனி அனுமதி வாங்கி, ஸ்விண்டன் கிளப்பில் வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்த ஜிம்மி கிளாஸ் என்பவரை இரவலாக அழைத்து வந்தார்கள். அவர் ஆட வேண்டியிருந்தது மூன்றே மூன்று ஆட்டங்கள்.

மூன்றாவது ஆட்டம் மே 8, சனிக்கிழமை. பிரண்டன் பார்க் மைதானம். எதிரணி பிளிமத் ஆர்கைல், நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருந்து வந்தவர்கள். அன்று காலை கார்லைல் கடைசி இடம். அதற்கு ஒரே ஒரு புள்ளி மேலே ஸ்கார்பரோ. ஸ்கார்பரோ தன் ஊரில் பீட்டர்பரோவுடன் ஆடியது. அந்த ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. அப்படியானால் கார்லைலுக்குச் சமன் போதாது, வென்றே ஆக வேண்டும்.

பிளிமத் முதலில் கோல் போட்டது. டேவிட் பிரைட்வெல் தூரத்திலிருந்து அடித்து 1-1 ஆக்கினார். தொண்ணூறு நிமிடம் முடிந்தது. நடுவர் நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். அந்த நான்கும் முடியப்போகிறது. ஸ்கார்பரோவில் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, தப்பித்துவிட்டோம் என்று கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கையில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் மட்டும் கார்லைலில் என்ன ஆகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கார்லைலுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோல்கீப்பர் கிளாஸ் தன் கோலை அப்படியே விட்டுவிட்டு மைதானம் முழுவதையும் கடந்து ஓடி வந்தார். மேலாளர் நைஜல் பியர்சன் போ என்று கையசைத்தார். பந்து வந்தது. ஸ்காட் டோபி தலையால் முட்டினார். பிளிமத் கோல்கீப்பர் தடுத்தார். தடுத்த பந்து எதிரே விழுந்தது. யார் முன்னால்? கிளாஸ் முன்னால். வலது காலால் ஓங்கி அடித்தார். வலைக்குள் போய்விட்டது. மறுகணம் கூட்டம் மைதானத்தில் பாய்ந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிய உடனே நடுவர் விசில் ஊதிவிட்டார். கார்லைல் 49 புள்ளி. ஸ்கார்பரோ 48.

அன்று அதை வர்ணித்த கம்ப்ரியா வானொலி வர்ணனையாளரின் குரலைப் பதிவில் பல முறை கேட்டிருக்கிறேன். கோல்கீப்பரின் பெயரை அவர் கூவும்போது, பார்த்துக்கொண்டிருப்பதை அவராலேயே நம்ப முடியவில்லை என்பது தெரியும். முகமறியாதவர்களுக்காக மைக் முன் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் அப்படி உடைந்துபோவதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். எனக்கு அது போதாது. கார்லைலில் அந்தப் பந்து வலைக்குள் போன அதே நொடியில், நாட்டின் மறுகரையில், கொண்டாடிக்கொண்டிருந்த ஓர் ஊர் அப்படியே நின்றது. ஓட்டு முறை ஒழிந்த கதவின் வழியே முதலாவதாக உள்ளே வந்த ஸ்கார்பரோ, அதே கதவின் வழியே வெளியே போனது. விதி நியாயமானது என்று சற்றுமுன் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் கிளாஸின் கோலைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வந்துவிட்டது. பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். கிளாஸுக்குக் கார்லைலில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. சீக்கிரமே ஆட்டத்தை விட்டு, டாக்சி ஓட்டினார். கார்லைல் 2004-இல் லீக்கிலிருந்து வெளியேறி, அடுத்த ஆண்டே திரும்பியது. பேரோவோ 48 ஆண்டுகள் காத்திருந்து 2020-இல் லீக்குக்கு மீண்டது. ஸ்கார்பரோ கிளப் கடனில் மூழ்கி 2007-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்ற புதுக் கிளப்பைத் தாங்களே தொடங்கினார்கள். சொந்த ஊரில் மைதானம் இல்லாததால் பத்து ஆண்டுகள் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் ஆடி, 2017-இல் ஸ்கார்பரோவுக்குத் திரும்பினார்கள். நன்றி, வணக்கம்.