டிஸ்னிலேண்ட் ஆத்துத் தண்ணி எங்க போச்சு? டெல்டாக்காரங்களுக்கு சட்டுனு புரியும்!

(திரையில்: மேலிருந்து பார்த்த டிஸ்னிலேண்ட் வரைபடம். ஆறு மட்டும் நீலமா ஒளிருது.)

உலகத்துலயே பேர் போன தீம் பார்க். திறப்பு விழாவுக்கு வேலை மும்முரமா நடக்குது. நடுவுல ஒரு ஆறே வெட்டிட்டாங்க. அதுல விடுறதுக்கு நீராவிக் கப்பல் தயாராகுது. தண்ணியத் திறந்து விடுறாங்க. நிக்கல! விட்ட தண்ணிய அப்படியே மண்ணு குடிச்சிடுச்சு. அப்புறம் எதைப் போட்டு அந்தத் தண்ணிய நிறுத்துனாங்க? நாத்தங்கால்ல கால் வெச்சவங்க பதிலை இப்பவே கமெண்ட்ல போட்டுட்டு, மிச்ச வீடியோவப் பாருங்க.

வணக்கம் மக்களே! வரலாறை வேகமா முடிச்சிடுறேன். இடம் அமெரிக்காவுல கலிஃபோர்னியா, அனஹைம். வால்ட் டிஸ்னி வாங்குனது 160 ஏக்கர், பெரும்பாலும் ஆரஞ்சுத் தோப்பு. நம்ம தஞ்சாவூர்க் கணக்குல 24 வேலி. 1954 ஜூலையில வேலை ஆரம்பிச்சு, 1955 ஜூலை 17ல திறந்துட்டாங்க. ஒரே வருஷம்! வரலாறு அவ்வளவுதான், உள்ள போவோம்.

உள்ள போறதுக்கு முன்னாடியே ஒண்ணைக் கவனிக்கணும். பார்க்கைச் சுத்தி உயரமா ஒரு மண் கரை போட்டு, அது மேல ரயில் ஓட விட்டிருக்காங்க. நீங்க அந்தத் தண்டவாளத்துக்கு அடியில குகை மாதிரி வழியில நுழைஞ்சு தான் போகணும். எதுக்கு? உள்ள வந்தப்புறம் வெளியில இருக்கற ரோடு, கார், கட்டடம் எதுவும் கண்ணுல படக் கூடாது. தீம் பார்க்னா ராட்டினம்னு நெனைக்கிறோம். ராட்டினம் நம்ம திருவிழாவுலயும் சுத்துது. ஆனா வேற உலகத்துக்குள்ள வந்துட்டோம்னு மனசு நம்பணும்னா, மொதல்ல பழைய உலகம் மறையணும். அந்த வேலையைச் செய்யிறது மண்ணு! இந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.

அப்புறம் மெயின் ஸ்ட்ரீட். நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அமெரிக்கச் சின்ன ஊர்க் கடைத்தெரு. மாடிங்களை வேணும்னே சின்னதாக் கட்டியிருக்காங்க, அதனால கட்டடம் உயரமாத் தெரியும். தெரு முடியிற இடத்துல கோட்டை. வெறும் 77 அடிதான்! மேல போகப் போகக் கல்லோட அளவைக் குறைச்சுட்டே போயிருக்காங்க, கண்ணு அதை உயரம்னு நம்பிடுது. கோட்டைக்குப் பின்னாடி ஃபேன்டசிலேண்ட், சின்னப் பிள்ளைங்களோட இடம். இன்னொரு பக்கம் டுமாரோலேண்ட், அதாவது எதிர்காலம். 1955ல அவங்க காட்டுன எதிர்காலம் எந்த வருஷம் தெரியுமா? 1986! இப்ப பார்க்குற உங்கள்ல பாதிப் பேர் அந்த எதிர்காலத்துக்கு அப்புறம் பொறந்தவங்க.

சரி, ஆத்துக்கு வருவோம். நான் இந்த வீடியோ போடுறதே இதுக்குத்தான்.

(திரையில்: மார்க் ட்வெய்ன் நீராவிக் கப்பல்.)

ஃப்ரன்டியர்லேண்ட்ல ஓடுறது இந்த ஆறு. ஓடுறதுன்னு கூடச் சொல்ல முடியாது, ஒரு தீவைச் சுத்தி வளையமா நிக்கிற தண்ணி. கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்தவர் ஜோ ஃபவுலர், கடற்படையில அட்மிரலா இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கட்டத் தெரிஞ்ச மனுஷன். ஆனா அந்த இடம் மணல்சாரி மண்ணு. மணல்ல துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி பெருசு, தண்ணி சரசரன்னு கீழ இறங்கிடும். கடைசியில என்ன செஞ்சாங்க? களிமண் கொண்டு வந்து ஆத்தோட அடியில பரப்பி, கெட்டியாத் தளம் போட்டாங்க. தண்ணி நின்னுச்சு, கப்பல் மிதந்துச்சு.

இதுக்கா இவ்வளவு பில்டப்னு மன்னார்குடிப் பக்கம், திருவாரூர்ப் பக்கம் இருக்கறவங்க கேப்பீங்க. ஆமாங்க, நீங்க வருஷா வருஷம் செய்யிறதுதான்! நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி சேறடிக்கிறோமே, எதுக்கு? நாத்து வேர் பிடிக்கறதுக்கு மட்டும் இல்ல. களித்துகள்ங்கிறது 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. சேத்தைக் கலக்க கலக்க மண்ணுல இருக்கற துவாரம் எல்லாம் ஒடைஞ்சு, அந்தப் பொடித்துகள் அடியில படிஞ்சு அடைச்சிடும். அதனாலதான் வயல்ல தண்ணி நிக்குது. மேல வரப்புல நண்டு வளை இருந்தா மிதிச்சு அடைச்சு, சேத்தை அள்ளி அண்டை வைப்பாங்க. வேதாரண்யம் பக்கத்து மணல் தரையில இதே வேலையை எவ்வளவு செஞ்சாலும் தண்ணி நிக்காது. ஏன்னா அங்க களி கம்மி. அனஹைம்ல அட்மிரலுக்கு வந்த பிரச்சினை இதேதான்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, இதைக் கொஞ்சம் நின்னு யோசிங்க. அவங்களுக்குத் தண்ணி இறங்குனா நஷ்டம். நமக்கு ஆத்துல தண்ணி இறங்குனாத்தான் லாபம்! காவிரியில, வெண்ணாத்துல மணல் குடிக்கிற தண்ணிதான் கெணத்துலயும் போர்லயும் ஊறுது. கல்லணைக் கால்வாய்ல கான்கிரீட் தளம் போட்டப்ப விவசாயிங்க பலர் எதிர்த்தாங்களே, இந்த பயம்தான். வயலுக்கு அடி அடையணும், ஆத்துக்கு அடி தெறந்திருக்கணும். ஆத்து அடியை அடைச்சா கிடைக்கிறது கப்பல் விடுற குளம்தான், அதை ஆறுன்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு ரகசியமும் சொல்லிடுறேன். அட்வென்சர்லேண்ட்ல காட்டுக்குள்ள படகு போகும், ஜங்கிள் க்ரூஸ்னு பேரு. அந்தத் தண்ணிக்கு வேணும்னே சாயம் போட்டுக் கலங்கலா வெச்சிருக்காங்க. தண்ணி தெளிஞ்சா அடியில தண்டவாளம் தெரிஞ்சிடும்! படகு தண்டவாளத்துலதான் போகுது, அந்தப் பெரிய கப்பலும் அப்படித்தான். அதோட கோட்டை அகழி, காட்டு ஓடை, கப்பல் ஓடுற ஆறு மூணும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச தண்ணி. மேல பார்த்தா மூணு வேற உலகம், கீழ ஒரே தண்ணி.

உங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது கலிஃபோர்னியாவுல இருந்து, நீங்க போய்ப் பார்க்குற வாய்ப்பு வந்தா, வரிசை நீளமா இருக்கற ராட்டினத்தை அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல அந்தக் கப்பல்ல ஏறி உக்காருங்க. வயசானவங்களுக்கு முட்டி வலிக்காது, நெழலும் இருக்கும், நாலு பக்கமும் நல்லாப் பார்க்கலாம்.

ஸ்டார் வார்ஸ் பகுதி 2019ல வந்துச்சு, 14 ஏக்கர். அதுக்கு இடம் வேணும்னு இந்த ஆத்தோட நீளத்தைக் குறைச்சுட்டாங்க. கலிஃபோர்னியாவுலயாவது மிச்சம் இருக்கு. ஃப்ளோரிடாவுல டிஸ்னியோட இன்னொரு பார்க் இருக்கு, மேஜிக் கிங்டம்னு பேரு. அங்க இதே மாதிரி ஒரு ஆறு இருந்துச்சு. 2025 ஜூலையில அதை மொத்தமா மூடிட்டாங்க, கார்ஸ் படத்தை வெச்சு புதுப் பகுதி கட்டப் போறாங்களாம். எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல. ராட்டினத்தை எங்க வேணும்னாலும் வைக்கலாம். குடும்பமா உக்காந்து காத்து வாங்குறதுக்கு இருந்த தண்ணிய மூடிட்டு அங்க கொண்டு போய் வைக்கணுமா? நீங்களா இருந்தா மூடியிருப்பீங்களா, வெச்சிருப்பீங்களா? ஊர் பேரோட எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.