லாவன்ஹாம் கில்ட்ஹாலில் யார் யார் இருந்தார்கள்

எல்லோருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு கட்டிடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் என்ற பகுதியில் லாவன்ஹாம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இப்போது அங்கே 2,000 பேர்கூடக் குடியில்லை. ஊர் நடுவில் சந்தைத் திடல், அதன் ஓரத்தில் கில்ட்ஹால், அதாவது சங்க மண்டபம், 1530 வாக்கில் முழுக்க ஓக் மரச் சட்டத்தில் எழுப்பியது. படத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் சொல்வது "எவ்வளவு அழகு!" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது, வறுமை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் மரம். நம் வீட்டில் கதவு செய்ய வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடுவோம், இல்லையா? அங்கே நேர்மாறு, ஓக் மரத்தை வெட்டிய கையோடு பச்சையாகவே இழைத்தார்கள், ஏனென்றால் காய்ந்த ஓக் இரும்பு மாதிரி இறுகிவிடும், உளி இறங்காது. தச்சர்கள் தங்கள் பட்டறையில் தரையிலேயே ஒவ்வொரு சுவர்ச் சட்டத்தையும் படுக்க வைத்து, ஒரு கட்டையில் வெட்டிய பொளி என்ற குழிக்குள் இன்னொரு கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்து என்ற நாக்கைப் பொருத்திச் சரிபார்த்து, எந்தக் கட்டை எதோடு சேரும் என்று ரோமன் எண் போலக் கோடு கோடாகக் கீறி வைத்து, பிறகு மொத்தத்தையும் பிரித்து, கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பூட்டினார்கள். அந்தக் காலத்து மரக் கட்டிடங்களில் இந்தக் கீறல்களை இன்றும் பார்க்கலாம்.

இணைப்பில் இரும்பு ஆணி கிடையாது. ஓக் மரத்தில் இருக்கிற துவர்ச் சத்து இரும்பை அரித்துவிடும். அதனால் மர ஆணிதான். அதிலும் ஒரு நுட்பம் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அது. கழுந்தில் போடுகிற துளையை, பொளியில் போட்ட துளைக்கு நேராக வைக்காமல் ஒரு நூலளவு உள்ளே தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்க அடிக்க அது இரண்டு கட்டையையும் ஒன்றோடொன்று இழுத்து இறுக்கும். பிறகு பச்சை மரம் வருடக்கணக்கில் காயும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், சட்டம் முழுவதும் கொஞ்சம் சாயும், ஆனால் பிடி விடாது. அந்த ஊரில் கோணல்மாணலாக நிற்கிற பல வீடுகளைப் பார்த்துவிட்டு ஐயோ விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறோமே, அதில் பெரும்பகுதி மரம் காய்ந்தபோது வந்த கோணல்.

சட்டங்களுக்கு நடுவே சுவர் எப்படி? படல்தான். குச்சிகளை நட்டுப் பின்னி, அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் எல்லாம் மிதித்துப் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள நமக்குக் கூடுதல் விளக்கம் வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். பின்னாளில் பழைய மர வீடுகளுக்குப் பழுதுபார்க்கிறேன் என்று பல இடங்களில் சிமெண்ட் பூசியபோதுதான் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரம் உளுத்தது. அதே மாதிரி, இங்கிலாந்து மர வீடு என்றாலே கன்னங்கரேல் கட்டையும் வெள்ளைச் சுவரும் நம் மனதில் வருகிறது, அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்த மோகம். கில்ட்ஹாலின் மரம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துச் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அதுதான் அதன் சொந்த நிறம்.

மேல்மாடி கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டுமே, அதற்காக உள்ளே ஓர் உத்திரத்தைக் குறுக்குவாட்டில், மூலையை நோக்கிப் போட்டு, அதைச் செதுக்கு வேலை செய்த மூலைத் தூணில் தாங்க வைத்தார்கள். சுவரில் நிற்கிற மரக் கால்களோ மிக நெருக்கம், இடைவெளியும் மரமும் ஏறக்குறைய ஒரே அகலம். கட்டிடம் நிற்க அத்தனை மரம் தேவையே இல்லை. எங்களிடம் பணம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதற்காக வைத்தது.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? துணி. லாவன்ஹாம் நீலம் என்று பெயர் வாங்கிய கனத்த கம்பளித் துணி. 1524 வரிக் கணக்கில் இந்தச் சின்ன ஊர் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் 14ஆவது, யார்க் மாதிரி பெரிய நகரத்தைவிட அதிகம் கட்டியது. ஆனால் அந்தப் பணம் சில ஜவுளி முதலாளிகள் கையில். நூற்றவர்களும் நெய்தவர்களும் அன்றாடக் கூலிக்காரர்கள். 1525இல் எட்டாம் ஹென்றி பிரான்சுப் போருக்காக "அன்பளிப்பு" என்ற பெயரில் ஒரு புது வரி கேட்டபோது, முதலாளிகள் எங்களால் இனி வேலை கொடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் லாவன்ஹாமில் திரண்டார்கள். உங்கள் தலைவன் யார் என்று அரசர் தரப்பில் வந்த நார்ஃபோக் பிரபு கேட்டதற்கு, "எங்கள் தலைவன் பெயர் வறுமை, அவனும் அவன் உறவுக்காரனான தேவையும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தார்கள்" என்று ஒருவர் பதில் சொன்னதாக அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வெகு நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. அரசர் அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று.

அப்புறம் நாலைந்து வருடத்தில் எழுந்ததுதான் இந்த கில்ட்ஹால். கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற சங்கம் 1529இல் அமைந்தது. தொழிற்சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், வசதியானவர்கள் சேர்ந்து வழிபாடு, இறந்த உறுப்பினர்களுக்காகப் பிரார்த்தனை, விருந்து என்று நடத்திய சமயச் சங்கம். அவர்களுக்கு இந்த மண்டபம் 20 வருடம்கூட நிலைக்கவில்லை. 1547இல் அரசு இப்படிப்பட்ட சங்கங்களையெல்லாம் கலைத்தது.

அதே நூற்றாண்டில் துணி வியாபாரமும் சரிந்தது. நெதர்லாந்துப் பக்கமிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் கோல்செஸ்டர் என்ற ஊரில் மெல்லிய, விலை குறைந்த துணி நெய்யத் தொடங்கினார்கள், லாவன்ஹாமின் கனத்த நீலத்தை வாங்க ஆளில்லை. வேறு ஊர்களில் கையில் காசு வந்தவர்கள் மர வீட்டை இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டினார்கள், இல்லாவிட்டால் முன்பக்கத்தையாவது மூடினார்கள். லாவன்ஹாமில் அதற்கும் காசில்லை. 300க்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள் இன்று அங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன என்றால், அந்த ஊர் தன் பெருமையைப் பேணியதால் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் அங்கே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

கில்ட்ஹால் இடிபடாததற்கு இன்னொரு காரணம், ஊர் அதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தது. ஊர்ப் பொது மண்டபமாக இருந்தது. 1689க்குள் அது சிறை. 1787 முதல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி. விருந்து நடந்த அதே கூரைக்குக் கீழே, அந்தத் துணியை நெய்தவர்களின் வழிவந்தவர்கள் கஞ்சிக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் 1833இல் கட்டிய ஒரு சின்னக் காவல் அறையும் பிணவறையும் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவர்களைத் தங்க வைத்தார்கள். 1951இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

இப்போது போனால் பின்புறத் தோட்டத்தில் சாயச் செடிகள் வளர்க்கிறார்கள். அந்த நீலத்துக்கு மூலமான வோட் செடி அதில் ஒன்று. இலை பச்சைதான். புளிக்க வைத்த தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக வரும். காற்றுப் பட்டதும், கண்ணெதிரிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகும். அந்த வேலையைச் செய்த கைகள் யாருடையவை என்று கேட்டால், ஒரு பெயர்கூட அந்த மூலைத் தூணில் இல்லை.