குழந்தைக்குமா ஹார்மோன் டாக்டர்?

[திரையில்: கதவு நிலையில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள்]

தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, எந்த வீட்டிலும் "பையன் கிளாஸ்லயே குள்ளமா இருக்கானே" என்று பேச்சு வந்தால் உடனே ஒரு பதில் வரும்: "அவங்க மாமாவும் இப்படித்தான், காலேஜ் போனதும் மளமளன்னு வளர்ந்துட்டாரு." சில வீடுகளில் அது உண்மைதான், தாமதமாக வளர்வது குடும்பத்திலேயே இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கலாம், எந்தப் பிள்ளைக்குக் கூடாது என்று பிரித்துச் சொல்ல ஒரு டாக்டர் இருக்கிறார். போர்டில் பீடியாட்ரிக் எண்டோகிரினாலஜிஸ்ட் என்று இருக்கும். குழந்தை மருத்துவம் படித்துவிட்டு, அதற்கு மேல் ஹார்மோனும் படித்தவர்.

அவர் முதலில் பார்ப்பது உயரத்தை. இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதை விட ஒரு வருடத்தில் எவ்வளவு ஏறியது என்பதுதான் அவருக்கு வேண்டும். நாலு வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும் வரை, வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். 4-க்குக் கீழே இறங்கினால் காரணம் தேடுவார். அப்புறம் இடது கைக்கு எக்ஸ்ரே எழுதுவார். கை உடையவே இல்லையே என்று முழிக்காதீர்கள், எலும்பின் வயதைப் பார்க்கத்தான் அது. எலும்பு முனைகளில் வளர்கிற பகுதி மூடிவிட்டால், அதன் பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டாலும் உயரம் ஏறாது. டிவியில் காட்டுகிற டப்பா மாவைப் பற்றி நான் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

[திரையில்: பிறந்த குழந்தையின் குதிகால்]

இதை விட அவசரமானது தைராய்டு. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே தைராய்டு சுரப்பி சரியாக இருக்காது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பால் குடிக்கும், தூங்கும், "அழவே அழாது, தங்கம்" என்று ஊரே மெச்சும். ஆனால் மூளை வளர அந்தச் சுரப்பி தரும் ஹார்மோன் வேண்டும். பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை பார்த்தால் பிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். விலை குறைந்த சின்ன மாத்திரைதான்; பொடித்து ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கொடுப்பார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் "டி.எஸ்.எச். பார்த்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்னால் மார்பு வளர ஆரம்பித்தால், பையனுக்கு ஒன்பது வயதுக்கு முன்னால் பருவ மாற்றம் தெரிந்தால், அதுவும் இவரிடம்தான். நம் பக்கம் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் மஞ்சள் நீராட்டுக்குத் தெருமுனையில் பேனர் கட்டக் கூச்சமில்லை! சீக்கிரம் பருவமடைந்தால் எலும்பும் சீக்கிரம் மூடிக்கொள்ளும், பிள்ளை குள்ளமாகவே நின்றுவிடலாம். தேவைப்பட்டால் ஊசி போட்டு இதைச் சில வருடம் நிறுத்தி வைக்க முடியும். பையன்களுக்கு என்றால் உள்ளே வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் மூளை ஸ்கேன் கேட்டால் பயந்து ஓட வேண்டாம்.

[திரையில்: தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யும் சிறுமி]

அடுத்து டைப் 1 சர்க்கரை நோய். இனிப்பு தின்று வந்ததில்லை. உடம்பே தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையில் நனைப்பது, உடம்பு இளைப்பது. இதோடு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் வாயு என்று ஓம வாட்டர் கொடுத்து உட்காராதீர்கள், அந்த இரவே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது என்பது கூட இந்த டாக்டரின் வேலைதான். மே மாத வெயிலுக்கு ஈரமான மண்பானை நன்றாக உதவும். ஃப்ரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரில் மட்டும் வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலின் வீண்.

எங்கே போவது? ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலோ முதலில் குழந்தைகள் ஓ.பி.யில் காட்டுங்கள், அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். தடுப்பூசி அட்டை, பள்ளியில் அளந்த பழைய உயரம், எடை, எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் அப்பாவும் கூட வரட்டும், அவர் உயரத்தையும் அளப்பார்கள். சில ரத்தப் பரிசோதனைகள் காலையில் வெறும் வயிற்றில்தான் எடுப்பார்கள், அதனால் பிள்ளைக்கு இட்லி ஊட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போடுகிற பிள்ளையை டாக்டர் சொல்லாமல் பட்டினி போடாதீர்கள்.