கம்பெனி கேட்டுக்கு வெளியே கிடைக்கிற பேர்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பாதுகாப்பு, விண்வெளித் துறை ஊழியருக்குப் பெருமை சேர்ப்பது தொழிலில் பெறும் உயர்வா, ஊருக்குச் செய்யும் தொண்டா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "ராக்கெட் விடுகிறவன் ராக்கெட்டை ஒழுங்காக விட்டால் போதும், ஊர்வேலைக்கு வேறு ஆள் இருக்கிறது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு அழகு, கருத்துதான் இடிக்கிறது.

அவர் சொன்ன ராக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1963 நவம்பர் 21, கேரளக் கடற்கரையில் உள்ள தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த மண் யாருடையது? மீனவர்களுடையது. அவர்கள் கும்பிட்ட மாதா கோயில் அங்கே இருந்தது. நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் போய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் இடம் கேட்டார். ஆயர் தானாக முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் சனங்களையே கேட்டார். அவர்கள் சரி என்றார்கள். சாமி கும்பிட்ட இடம் ராக்கெட்காரர்களின் அலுவலகமானது. வீட்டை விட்டு, கோயிலை விட்டு எழுந்து போனவர்கள் யாரும் பதவி உயர்வு கேட்கவில்லை. முதலில் கொடுத்தது ஊர். கடன் நம் பக்கம் நிற்கிறது, அண்ணே!

சரி, தொழிலில் உச்சிக்குப் போன ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அப்துல் கலாம். தம் வாழ்வின் பேரானந்தங்கள் என்று நான்கைச் சொன்னார். 1980இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது, அக்னி ஏவுகணை, 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. மூன்றும் எதிரணிக்கே, எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான்காவது என்ன தெரியுமா? ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் கலாமின் ஆய்வகத்துக்கு வந்தார். அக்னிக்காகச் செய்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார், கனமே இல்லை. உடனே கலாமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பிள்ளைகளைக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை, அதாவது நடக்கக் காலில் மாட்டும் தாங்கியை, இழுத்து இழுத்து நடந்தது. மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிப்பர் வந்தது. பெற்றவர்கள் அழுதார்கள்.

"அந்தப் பொருள் தொழிலில் வந்ததுதானே?" என்று அண்ணன் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆமாம். அது பாட்டுக்கு ஆய்வக மேசையில்தான் கிடந்தது. பிள்ளையின் காலுக்கு எப்போது போனது? மனுஷன் டாக்டரோடு கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு!

என் அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். டாங்கியில் எந்தப் பாகம் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "இரும்பும்மா" என்பார். வாய் திறக்கக்கூடாத தொழில். பிரமோஷன் வந்தாலும் எதைச் சாதித்ததற்காக வந்தது என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியாது. அப்புறம் அந்தப் பெருமையை யார் கொண்டாடுவது? ஆனால் சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐ.டி.ஐ. பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டிராயிங் படிக்கவும், நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியைப் பிடிக்கவும் அப்பா சொல்லித் தருவார். அளவு மயிரிழை தப்பினாலும் "மறுபடி எடு". அம்மா எத்தனை தடவை டீ போட்டாள் என்பதற்குத்தான் கணக்கில்லை. எங்கள் தெருவில் அவரை ஃபிட்டர் என்று யாரும் சொன்னதில்லை. 'வாத்தியார்' வீடு எது என்றால் நாய்கூட வழி காட்டும்.

கம்பெனிச் சட்டம் 2013 இருக்கிறதே, லாபத்தில் 2 சதவீதம் நிறுவனமே சமூகத்துக்குக் கொடுக்கிறதே என்றும் எதிரணி அண்ணன் கேட்டார். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. செக் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கும். பெஞ்சில் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து உட்காராது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எதிரணி அண்ணன் மேடையேறும்போது தம் பதவியைச் சொன்னார், 'சயின்டிஸ்ட் எஃப்'. பெரிய பதவி. இங்கே வருவதற்கு முன் அவர் தெருமுனை டீக்கடையில் அந்தப் பதவியைச் சொல்லி வீட்டை விசாரித்தேன். கடைக்காரர் விழித்தார். அப்புறம் அடையாளம் சொன்னதும் முகம் மலர்ந்தது: "அட, வருஷா வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு டெலஸ்கோப் தூக்கிட்டு வந்து பசங்களுக்கு நிலா காட்டுவாரே, அந்த சாரா?"