முதல் தமிழ் நாவலை எழுதிய முன்சீப், வக்கீல்களிடம் கேட்ட கேள்வி!

நீதிபதி தமிழர். வக்கீல் தமிழர். வழக்குப் போட்டவர், எதிர்த்து நிற்பவர், வேடிக்கை பார்ப்பவர், எல்லாருமே தமிழர்கள். அப்புறம் யாருக்காக இங்கிலீஷில் வாதாடுகிறீர்கள்?

இந்தக் கேள்வி 1879-ல் அச்சில் வந்துவிட்டது. பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் நாவல், அதில்தான். எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு என்ன வேலை தெரியுமா? முன்சீப். வக்கீல்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வழக்குக் கேட்டவர்!

வணக்கம், தருமபுரியிலிருந்து பேசுகிறேன்.

கதையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: பிரதாபன் தொலைந்துபோகிறான், தேடிப் போன மனைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் இருக்கும்போது பட்டத்து யானை மாலை போட்டு, விக்கிரமபுரிக்கே அரசராகிவிடுகிறாள். நடுநடுவே ஆட்சி எப்படி நடக்க வேண்டும், நீதி எப்படிச் சொல்ல வேண்டும் என்று பேச்சு வரும். சில இடங்களில் பிரசங்கம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வழக்கைக் கேட்டு நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று ஜனங்கள் கோர்ட்டுக்கு வருகிறார்கள். அங்கே நடப்பது அவர்களுக்கு, குருடன் கூத்துப் பார்க்கப் போனதும் செவிடன் பாட்டுக் கேட்கப் போனதும் போல ஆகிறது என்கிறார் வேதநாயகம் பிள்ளை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உவமை நன்றாக உறைக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துரியோதனன் என்ன பேசுகிறான் என்றே புரியாமல் ஒரு ராத்திரி முழுக்க உட்கார முடியுமா? கூத்தில் போனால் தூக்கம்தான் போகும். கோர்ட்டில் போவது நிலம்.

எங்கள் தாத்தாவுக்கு அப்படித்தான் ஆனது. பென்னாகரம் பக்கம் ஒரு வரப்புத் தகராறு, மேல்முறையீடு வரை போனது. தீர்ப்பு நகல் இங்கிலீஷில் வந்தது. தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துகொள்ள அவர் பக்கத்து ஊர் வாத்தியார் வீட்டுக்கு நடந்தார். கீழ்க் கோர்ட்டில் தமிழுக்கு இடம் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 348-வது பிரிவு ஆங்கிலம் என்கிறது. ஆளுநர், குடியரசுத் தலைவரின் சம்மதத்தோடு மாநில மொழியை அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தமிழ்நாடு 2006-லேயே கேட்டது, இன்னும் கிடைக்கவில்லை.

என்னை அசரவைத்தது வேறு. வேதநாயகம் பிள்ளை கேள்வி கேட்பதற்கு முன்பே வேலையைச் செய்துகாட்டியவர். 1805 முதல் 1861 வரையான சதர் கோர்ட்டு (அந்தக் கால மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862-ல் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் இணையத்தில் போடத் தொடங்கியது 2019-ல். நடுவில் 157 வருடம்! கம்ப்யூட்டர் கிடையாது, மொழிபெயர்ப்புக் குழு கிடையாது. இந்த மனிதருக்கு நம் பள்ளிப் பாடத்தில் இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன்.

நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வக்கீல் பகுதியை மட்டுமாவது வீட்டுப் பெரியவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். நான் தாத்தாவுக்குப் படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த ஜட்ஜ் இப்போ எந்த ஊர்ல இருக்கார்?" என்றார்.