கால் நிலைக்காமல் போனால் மாத்திரையையும் சந்தேகியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகிலிருந்து இறங்குபவர்களுக்குத் தரை ஆடுவதுபோல் இருக்கும். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். மெஃப்ளோகுயின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரை சிலருக்குத் தருகிற ஆட்டம் அப்படிச் சுலபத்தில் அடங்குவதில்லை.

ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுதித்தரப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. பெரியவர்களுக்கு 250 மில்லிகிராம், வாரம் ஒன்று. புறப்பட 2 வாரம் இருக்கும்போதே தொடங்கி, திரும்பிய பின்னும் 4 வாரம் போட வேண்டும். வாரத்துக்கு ஒன்று போதும் என்பது வசதிதான், வினையும் அதிலேயே இருக்கிறது. உடம்பில் இதன் அளவு பாதியாகவே 2 முதல் 4 வாரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளை வெளியேறிவிடாது. 2013 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது: தலைசுற்றல், நிலைதடுமாற்றம், காதிரைச்சல் ஆகியவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கலாம், நிரந்தரமாகவும் தங்கலாம்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உள்காது, கால் மூட்டுகளின் உணர்வு மூன்றும் வேண்டும். உள்காதோ அதன் மூளைத் தொடர்போ கெட்டால் கண் அதைச் சமாளிக்கும். அதனால்தான் பகலில் நன்றாக நடப்பவர், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சாய்கிறார். கரண்ட் போன இரவில் சுவரைத் தேடுகிறார். நம்மவர்கள் இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றோடு விட்டுவிடுவார்கள். காரணம் மாத்திரையாக இருந்தால் அடுத்த வாரமும் அதையே விழுங்குவோம்.

பாதங்களைச் சேர்த்து நின்று, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, 30 வினாடி கண்ணை மூடிப் பாருங்கள். சாய்ந்தால், அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் கனவு, காரணமில்லாத பயம் வந்தாலும் அப்படியே. தடுப்பை அடியோடு விட்டுவிடக் கூடாது, ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா உயிரை எடுக்கும். தினமும் 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் போன்ற மாற்று இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. மனச்சோர்வு, வலிப்பு இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயினைத் தடுப்பு மருந்தாகத் தொடங்கவே கூடாது.

தடுமாற்றம் தங்கிவிட்டால், தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வழியல்ல. அவற்றில் பல, உள்காதின் செய்தியை அமுக்கி, மூளை பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். பயிற்சிதான் உதவும். ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, பார்வையை அதிலேயே வைத்துத் தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, தினமும் மூன்று வேளை. எழுத்து கலங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இயன்முறை மருத்துவர் படிப்படியாகக் கூட்டுவார்.

காது மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டை, முதல் மாத்திரை போட்ட தேதி, தடுமாற்றம் தொடங்கிய தேதி மூன்றையும் கொண்டுபோங்கள். வெளிநாடு போய்வந்ததை நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.