அழுதவருக்குத்தான் இந்தப் பாட்டு வந்தது

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் 1972-ல் வெளியிட்ட 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்துக்கு உயிர் கொடுத்தது விசுவாசமா, துயரமா என்பதுதான் இன்றைய வழக்கு. துயரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார், தேவாலயத்தில் உட்கார்ந்து பக்திப் பாட்டு பாடிய ஆல்பத்தில் விசுவாசத்தைத் தவிர வேறு என்ன இருக்கும் என்று. சரி, அந்தத் தேவாலயத்துக்கே போவோம். லாஸ் ஏஞ்சலிஸ், ஜனவரி 13, 14, இரண்டே இரவுகள். பாடுகிற பெண்ணுக்கு 29 வயது. அவர் எடுக்கிற பாட்டுகளில் ஒன்று 'பிரெஷஸ் லார்ட்'. ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிற பாட்டு.

அது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1932 ஆகஸ்ட். தாமஸ் டோர்சி என்ற இசைக்காரர் நிறைமாதமாக இருந்த மனைவியைச் சிகாகோவில் விட்டுவிட்டு, செயின்ட் லூயிஸில் ஒரு சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அங்கே தந்தி வருகிறது, பிரசவத்தில் மனைவி போய்விட்டாள் என்று. பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. கடவுள் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று கோபத்தில் இருந்த மனிதர், சில நாள் கழித்து ஒரு பியானோ முன்னால் உட்கார்ந்தபோது வந்த பாட்டு ஐயா அது. அதற்கு முன்னாலும் அவர் விசுவாசிதான், தேவாலயத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர்தான். விசுவாசம் அன்றும் இருந்தது, இந்தப் பாட்டு மட்டும் ஏன் அதுவரை வரவில்லை? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

அப்புறம் அந்தப் பாட்டு போன இடங்களைப் பாருங்கள். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் பக்திப் பாடகி மஹேலியா ஜாக்சன் அதைப் பாடினார். அந்த மஹேலியா, இந்த ஆல்பம் பதிவாகி இரண்டே வாரத்தில் காலமானார். சிகாகோவில் அவருடைய இறுதிச் சடங்கில் அதே பாட்டைப் பாடியவர் அரீத்தா. துக்க வீடு எங்கேயோ அங்கே அந்தப் பாட்டு போய் நின்றிருக்கிறது.

விசுவாசம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'அமேசிங் கிரேஸ்' பாட்டைக் கேளுங்கள், கிட்டத்தட்ட பதினோரு நிமிடம். ஒரு சொல்லை எடுத்து இழுத்து, உடைத்து, சொல்லே இல்லாத முனகலாக ஆக்கிவிடுகிறார். அந்த இரவுகளில் கூடவே பியானோ வாசித்தவர், வாழ்நாள் முழுக்கச் சபையில் பாடிய ஜேம்ஸ் கிளீவ்லண்ட், முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். வேதம் தெரியாத நானும் அழுதேன், அந்த முனகல் எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒன்று. இரண்டாம் இரவு, அரீத்தா பியானோவில் உட்கார்ந்து 'நெவர் க்ரோ ஓல்ட்' பாடுகிறார். யாரும் மூப்படையாத ஓர் ஊரைப் பற்றிய பாட்டு. பத்து வயது நிறைவதற்குள் தாயை இழந்த பெண் அவர். வேர்வை முகமெல்லாம் வழிகிறது. அப்பா, போதகர் சி.எல். ஃப்ராங்க்ளின், எழுந்து வந்து கைக்குட்டையால் அந்த முகத்தைத் துடைத்துவிடுகிறார். அவள் பாட்டை நிறுத்தவில்லை. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும், நடுவர் அவர்களே.